சாயங்காலத்துக்கு மேலும் தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள், ஐயா

பெறுநர்:
மாவட்டச் சமூகநல அதிகாரி அவர்கள்,
மாவட்டச் சமூகநல அலுவலகம்.

பொருள்: ஆலை ரோட்டு முதியோர் இல்லத்தில் இருப்பவர்களுக்குத் தண்ணீரும் கவனிப்பும் மறுக்கப்படுவது குறித்து மீண்டும் ஒரு மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாகப் போன வருடத்திலிருந்து மலாயில் எழுதிக் கொடுத்து வருகிறோம். கவுண்டரில் முத்திரை குத்திய பிரதிகள் எங்களிடம் இருக்கின்றன, பதில்தான் இல்லை. புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் நீங்கள் தோட்டத்தில் பிறந்து தமிழ்ப் பள்ளியில் படித்தவர் என்று கோவில் தலைவர் சொன்னார். அதனால் இந்த முறை தமிழிலேயே எழுதுகிறேன். ஃபைலில் வைக்க மலாய்ப் பிரதியும் பின்னால் இருக்கிறது.

இடம் உங்களுக்குத் தெரியும். டவுனிலிருந்து செம்பனை எண்ணெய் ஆலைக்குப் போகும் ரோட்டில், பழைய தோட்டத்து மருத்துவமனை இருந்த மேட்டுக்கு எதிரே, இரண்டு வீட்டை ஒன்றாக்கிக் கட்டிய இல்லம். அங்கே இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் சுற்றுவட்டாரத்தில் பால்மரம் (ரப்பர்) சீவியவர்கள், செம்பனையின் உதிரிப் பழம் பொறுக்கியவர்கள், மருந்து அடித்தவர்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களை இடித்த பிறகு பிள்ளைகள் ஷா ஆலம், ஜொகூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். பிள்ளையே இல்லாதவர்களும் உண்டு. என் அத்தை அந்த வகை.

1. இல்லத்தின் பதிவுச் சான்றிதழ் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் நாங்கள் குறை சொல்லவில்லை. 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி, அதாவது 506ஆவது சட்டப்படி, நான்கு பேரோ அதற்கு மேலோ தங்கும் இடம் பதிவு செய்யப்பட வேண்டும். உள்ளே போய்ச் சோதிக்க உங்கள் அதிகாரிகளுக்கு அதே சட்டம்தான் அதிகாரம் கொடுக்கிறது. சான்றிதழ் கொடுத்த பிறகு அந்த அதிகாரம் எங்கே போனது என்பதுதான் எங்கள் கேள்வி.

2. இரவில் முழு இல்லத்துக்கும் ஒரே ஒரு பணிப்பெண். இந்தோனேசியாவிலிருந்து வந்த சின்னப் பெண். பகலில் சமையலும் துணி துவைப்பதும் அவள் தலையில்தான். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளை அப்படி வைத்திருப்பவர் மேல்தான் புகார்.

3. தண்ணீர். ஐயா, மற்றதையெல்லாம் விட்டுவிட்டாலும் இதை மட்டும் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

சாயங்காலத் தேநீரோடு சரி. அதற்கப்புறம் மறுநாள் காலை வரை படுக்கையில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் கிடையாது. ஏன் என்று சமையலறை வாசலில் நின்றே கேட்டேன். ராத்திரி நனைத்துவிடுகிறார்களாம், பெரியவர்களுக்குக் கட்டிவிடும் பெம்பர்ஸ் (டயப்பர்) விலை ஏறிவிட்டதாம். பெம்பர்ஸை நாங்கள்தானே மாதக் கட்டணத்துக்கு மேல் தனியாக வாங்கிக் கொடுக்கிறோம்! அப்படியானால் மிச்சப்படுவது பெம்பர்ஸ் இல்லை, அதை மாற்றுகிற வேலை. இரவுக்கு இன்னொரு ஆள் போட்டால் சம்பளம் கொடுக்க வேண்டும். தண்ணீரை நிறுத்தினால் செலவில்லை.

தண்ணீர் ஜக்கு இருக்கிறது, அலமாரியின் மேல். எழுந்து நிற்க முடியாதவருக்கு அது எட்டுமா? கேட்டால் கொடுப்போம் என்கிறார் முதலாளி. பக்கவாதத்தில் பேச்சு போனவர் எப்படிக் கேட்பார்? வயதாக ஆகத் தாக உணர்வே மந்தமாகிவிடும், கேட்காவிட்டாலும் நாம்தான் நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இருதயம், சிறுநீரகக் கோளாறுக்காக அளவு குறைக்கச் சொல்லாதவரை ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு கிளாஸ் வேண்டும் என்றார். அங்கே பாதிகூடக் கிடைப்பதில்லை.

அத்தைக்கு முதலில் உதடு வெடித்தது. நாக்கு காய்ந்து பேச்சுக் குழறியது. சிறுநீர் கருத்த மஞ்சளாகிக் கட்டில் பக்கமே போக முடியாத வாடை. அப்புறம் ஒரு நாள், பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடியற்காலையில் பேர் கூப்பிடுவதற்கு, நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து உட்காரப் பார்த்தார். என்னை யாரென்று தெரியவில்லை. மறதி நோய், வயதானால் இப்படித்தான் என்றார் முதலாளி. நாங்கள் விடாமல் அரசாங்க மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். உடம்பில் நீர் வற்றிப்போயிருக்கிறது, சிறுநீரில் கிருமி ஏறியிருக்கிறது, அதனால்தான் இந்தக் குழப்பம் என்றார்கள். டிரிப் ஏற்றி மருந்து கொடுத்ததும் சில நாளில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், வார்டில் கொடுத்த சோற்றில் உப்பில்லை என்று சண்டையும் போட்டார். இதுவா மறதி நோய்?

வால் எலும்புப் பக்கம் புண் வேறு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் ஆறாது, தண்ணீரும் சத்தும் இல்லாவிட்டாலும் ஆறாது என்று மருத்துவமனை மிஸ்ஸி (நர்ஸ்) சொல்லி அனுப்பினார். இரவில் யார் புரட்டுவது? மேலே இரண்டாவது புள்ளியைப் பாருங்கள்.

பக்கத்துக் கட்டில் பெரியவர், முகம் துடைக்கக் கொடுத்த ஈரத்துண்டை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்ததை நானும் இன்னும் இரண்டு குடும்பத்தாரும் கண்ணால் பார்த்தோம். ஐயா, தோட்டத்தில் எந்தத் துரையும் எந்தக் கங்காணியும் தண்ணீர்ப் போத்தலைப் பிடுங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

4. சிலருக்கு மணிக்கட்டில் துணியால் கட்டிய தடம். கீழே விழாமல் இருக்கவாம்.

5. புகார் கொடுத்த பிறகு பார்வை நேரம் அரை மணியாகிவிட்டது. பார்க்கப் போனால் கட்டில் பக்கத்திலேயே ஆள் நிற்கிறது. சாப்பிட்டீர்களா என்று கேட்டால் அத்தை முதலில் அந்த ஆளின் முகத்தைப் பார்க்கிறார், அப்புறம்தான் பதில். மனுவில் கையெழுத்துப் போடச் சில குடும்பங்கள் பயப்படுவதும் இதனால்தான்.

6. உங்கள் அலுவலகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும். ஒரு முறை அதிகாரிகள் வந்தார்கள். போன் செய்துவிட்டு வந்தார்கள், அதுவும் காலை பதினொரு மணிக்கு. முந்தின நாளே விரிப்பு மாற்றி, கட்டிலுக்குக் கட்டில் கிளாஸ் வைத்தாகிவிட்டது. எல்லாம் திருப்தி என்று எழுதிக்கொண்டு போனார்களாம். அக்டோபர் 1 முதியோர் தினத்துக்கும் பிரமுகர்கள் வந்து கேக் வெட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். கேக் ஊட்டிய வாய்க்குத் தண்ணீர் கொடுத்தார்களா என்று யாரும் கேட்கவில்லை.

கவுண்டரில் கேட்டால், படுத்த படுக்கை என்றால் சுகாதார அமைச்சைப் பாருங்கள், தனியார் முதியோர் சுகாதாரப் பராமரிப்புக்கென்று 2018இல் 802ஆவது சட்டம் வந்திருக்கிறது என்கிறார்கள். எந்தச் சட்டமாகவும் இருக்கட்டும். சான்றிதழில் இருப்பது உங்கள் இலாகா முத்திரை. பிடிக்காவிட்டால் வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்றும் ஒருவர் சொன்னார். எங்கே? தஞ்சோங் ரம்புத்தானிலும் தைப்பிங்கிலும் இருக்கும் ஸ்ரீ கெனாங்கான் என்ற அரசாங்க முதியோர் இல்லங்கள் தன்னைத் தானே கவனித்துக்கொள்ளக் கூடியவர்களுக்கு. படுக்கையில் கிடப்பவர்களுக்கான அரசாங்க இல்லமான ரூமா எஹ்சான் குவாலா குபு பாருவிலும் டுங்குனிலும் இருக்கிறது. டுங்குன் எங்கே, நம் ஊர் எங்கே! நான் இருப்பது லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகும் மலிவு விலை அடுக்குமாடியில், வேலை ஷிப்டில். சரி, எப்படியோ அத்தையை மாற்றிவிடுகிறேன் என்றே வையுங்கள். துண்டை உறிஞ்சும் அந்தப் பெரியவரை யார் மாற்றுவது? அவரைப் பார்க்க வருபவரே இல்லை.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். கோபம்தான், ஐயா.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சொல்லாமல் வாருங்கள், இரவு ஒன்பது மணிக்கு மேல் வாருங்கள். ஃபைலைப் பார்க்க வேண்டாம், கட்டிலைப் பாருங்கள். ஜக்கு கைக்கு எட்டுகிறதா, நாக்கு காய்ந்திருக்கிறதா, பெம்பர்ஸ் எத்தனை மணிக்கு மாற்றியது, குதிகாலிலும் இடுப்பிலும் வால் எலும்பிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லத்து ஆளை வெளியே நிற்க வைத்துவிட்டுத் தமிழில் பேசுங்கள், அவர்களில் பலருக்கு வேறு மொழி சரியாக வராது. ஒரு மிஸ்ஸியையும் கூட அழைத்து வந்தால் நல்லது. தூக்க மாத்திரை யாருக்காவது கொடுக்கிறார்களா, எழுதிக் கொடுத்த டாக்டர் யார் என்றும் கேளுங்கள்.

அதன் பிறகு, யாருக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் கொடுத்தது, எப்போது புரட்டிப் படுக்க வைத்தது என்று கட்டில்தோறும் எழுதி மாட்ட உத்தரவு போடுங்கள். இரவுக்கு இன்னும் ஓர் ஆளாவது வைக்கச் சொல்லுங்கள். புகார் கொடுத்தவர்களின் வீட்டுப் பெரியவர்களை வெளியேற்றக் கூடாது என்று எழுத்தில் எச்சரியுங்கள். இல்லத்தை மூடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. மூடினால் அத்தனை பேரும் போக இடமில்லை என்பது உங்களுக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் அவர் இப்படி நடத்துகிறார்.

தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999க்கும் சொல்லிவிட்டேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டு, விவரத்தை உங்கள் மாவட்ட அலுவலகத்துக்கே அனுப்புவதாகச் சொன்னார். ஆக, எந்த வழியில் போனாலும் உங்கள் மேசைக்குத்தான் வருகிறது.

தயவுசெய்து வாருங்கள், ஐயா. இரவில் வாருங்கள். தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள். என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று எழுத்தில் ஒரு பதிலும் கொடுங்கள். மலாயில் இருந்தாலும் போதும், படித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
இல்லத்தில் இருக்கும் ஓர் அம்மாவின் அண்ணன் மகள்,
பின்பக்கம் கையெழுத்திட்டிருக்கும் குடும்பத்தார் சார்பில்.