ஆர்டியா, ஆர்எக்ஸா?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு ஊர்ப்பக்கமே வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன்னை விசாரித்தார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ராஜ்தூத் 350, யமஹா ஆர்எக்ஸ் 100 இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்கிறாய். ஆர்டியை, அதாவது அந்த ராஜ்தூத் 350ஐ வாங்கு.

ஆர்எக்ஸ் மட்டமான வண்டி என்பதற்காகச் சொல்லவில்லை. 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை 100 கிலோவை ஒட்டி. த்ராட்டிலைத் திருகியதும் துள்ளிக்கொண்டு போகும் அந்தச் சுகம் உனக்கே தெரியும். ஆனால் 1985 முதல் 1996 வரை ஊரெல்லாம் ஓடிய வண்டி அது. கைவைக்காதவர் யார்? சைலன்சரை வெட்டினார்கள், வேகத்துக்காகச் சிலிண்டர் துளைகளை ராவி போர்ட்டிங் செய்தார்கள், ஆர்எக்ஸ் 135இன் சிலிண்டர் பிளாக்கை ஏற்றினார்கள். பின்னால் வந்த ஆர்எக்ஸ் 135க்கே 100 ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறவர்களும் உண்டு. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் ஆர்எக்ஸ் அபூர்வம். பளபளவென்று பெயின்ட் அடித்த வண்டிக்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். அந்தப் பெயின்டுக்கா பணம் கொடுப்பாய்?

ஆர்டி கதை வேறு. ஜப்பானில் யமஹா செய்த ஆர்டி 350 சுமார் 39 குதிரைத்திறன், முன்னால் டிஸ்க் பிரேக். 1983இல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி அதை ராஜ்தூத் 350 என்ற பெயரில் இங்கே தயாரிக்கத் தொடங்கியபோது டிஸ்க் போய் டிரம் வந்தது, திறனும் 30.5 ஆகக் குறைந்தது. அதுதான் ஹெச்டி, அதாவது ஹை டார்க். அதுவும் பெட்ரோலை அதிகம் குடிக்கிறது என்று சொன்னதால் இன்னும் குறைத்து 27 குதிரைத்திறனில் எல்டி, அதாவது லோ டார்க் வந்தது. 1989வாக்கில் தயாரிப்பே நின்றுவிட்டது. அன்றைக்கு நம் ஆட்கள் மைலேஜ் பார்த்து ஒதுக்கியதால்தான் இன்றைக்குக் குறைவாக இருக்கிறது. இரட்டை சிலிண்டர், ரீட் வால்வ், ஆறு கியர். பாதி த்ராட்டிலைத் தாண்டியதும் அந்த எஞ்சின் குரல் மாறும் பார், அதற்காகவே நான் ஆர்டி பக்கம். சென்னை பக்கம் சோழவரம் ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் அந்தச் சத்தம் கேட்டவர்கள் இன்னும் அதைத்தான் பேசுகிறார்கள்.

பாகம் கிடைக்குமா என்று பயப்படாதே. எழுபதுகளில் ஆர்டி 350 பல நாடுகளில் விற்ற வண்டி. பிஸ்டன், கேஸ்கெட் எல்லாம் இன்றும் வெளிநாட்டிலிருந்து தருவிக்கலாம். முன் டிரம்மை மட்டும் நம்பி வேகம் எடுக்காதே. அந்த எஞ்சினுக்கு அது போதாது.

பார்க்கப் போகும்போது ஆர்சி புக்கில் உள்ள எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பார். 15 வருடம் தாண்டிய பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்பதும் முக்கியம். பேப்பர் சரியில்லாத ஆர்டியைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் வலதுபக்க சைலன்சர் மட்டும் வெள்ளைப் புகை கக்கினால், க்ராங்க் ஷாஃப்டின் ஆயில் சீல் போய் கியர்பாக்ஸ் ஆயிலை எஞ்சின் இழுக்கிறது என்று சந்தேகப்படு. ஹெச்டி என்று சொல்லி எல்டியைத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்த்த மெக்கானிக் கூட இருந்தால் நல்லது.

அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதே. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், சேர்ந்தே போய்ப் பார்ப்போம். அதுவரை அந்த ஆளிடம் ஆர்சி புக்கின் நகலை மட்டும் கேட்டு வாங்கி வை.

அன்புடன்,
ராஜா