கோடு போட்ட வரி

அன்பு மகளே,

நேற்று போனில் நீ கோபப்பட்டதில் தப்பே இல்லை. முழங்கால் ஆபரேஷன் பற்றி டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாய். "வலி போய்விடும், நன்றாக நடக்கலாம், நிறையப் பேர் செய்துகொள்கிறார்களாம்" என்றேன். "வேறு?" என்றாய். "அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் அவர் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். கிருமித்தொற்று, காலில் ரத்தம் உறைவது, மாதக்கணக்கில் பயிற்சி, எல்லாமே அதில் இருந்தது. தொற்று என்ற வரிக்குக் கீழே பேனாவால் கோடு. டாக்டர் பேசும்போதே நான் போட்ட கோடு! உன்னிடம் மறைக்கவில்லை அம்மா, மனதில் நிற்கவே இல்லை.

இதைப் பற்றித் தேடிப் படித்தேன். மிச்சமிருக்கும் காலம் கொஞ்சம்தான் என்று தோன்றத் தோன்ற, மனசு நிம்மதி தருவதைத்தான் பிடித்துக்கொள்ளும் என்கிறார் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன். அவரும் கொரினா லோக்கன்ஹோஃபும் 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். டாக்டர்களையும் மருத்துவத் திட்டங்களையும் ஒப்பிடச் சொன்னபோது, வயதானவர்கள் நல்ல விவரங்களையே அதிகம் பார்த்தார்கள், அவையே நினைவிலும் நின்றன. விவரங்களைக் கவனித்துப் பாருங்கள் என்று சொன்னதும் இளையவர்களோடு இருந்த அந்த வித்தியாசம் போய்விட்டது. படித்ததும் எனக்குத் தெம்பு வந்தது. மூளையே தேய்ந்திருந்தால், ஒரு வார்த்தை சொன்னதும் சரியாகுமா?

ஆனால் வேகம் குறைந்திருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். நாலைந்து புது விஷயங்களைச் சேர்த்துச் சொன்னால் முதலாவது நழுவிவிடுகிறது. அதனால் ஒவ்வொன்றாகக் கேள். "இதில் என்ன கெடுதல் வரலாம்?" என்று முதலில் கேள். குரலை உயர்த்தாதே. நீ பதறினால் எனக்கும் பதற்றம் வருகிறது, உடனே நல்லதாக நாலு வார்த்தை சொல்லிப் பேச்சை முடிக்கத்தான் பார்க்கிறேன்.

இன்னொன்று. யார் கையையும் பிடிக்காமல் படியேற வேண்டும் என்று எனக்கு ஆசை. அதை வெறும் உணர்ச்சி என்று தள்ளிவிடாதே. தொற்று அபாயத்தை எடை போடும்போது அந்த ஆசையும் தராசில் இருக்கட்டும். கால் என்னுடையது, முடிவும் நான்தான் எடுப்பேன். பக்கத்தில் நீ இருந்தால் போதும்.

வியாழக்கிழமை மறுபடி டாக்டரைப் பார்க்கிறேன். அந்த நேரம் போனில் இரு. கோடு போட்ட வரியிலிருந்தே அவரிடம் கேட்க ஆரம்பிக்கிறேன்.

அன்புடன்,
அப்பா