பூட்டுக் குறி போனதை யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமைதோறும் முதியவர்களுக்கு இணையம் பழக்கி வருகிறேன். அங்கு வரும் ஓய்வூதியர் ஒருவர், ஒரு நாள் கைப்பேசியை என்னிடம் நீட்டி, "பூட்டைக் காணோமே சார், கரண்ட் பில் கட்டலாமா, வேண்டாமா?" என்று கேட்டார். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுக் குறி இல்லாத இணையத்தளத்தில் பணம் கட்டக் கூடாது என்று அஞ்சி, அந்த அம்மையார் கடைசி நாள் வரை கட்டாமலே காத்திருந்திருக்கிறார். பூட்டைப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான் என்பதால், அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. இக்கடிதம் எழுதக் காரணமும் அதுவே.

நடந்தது இதுதான். இணையப் பக்கங்களைத் திறக்கப் பயன்படும் கூகுளின் குரோம் உலாவியின், 2023 செப்டம்பரில் வெளிவந்த 117ஆம் பதிப்பில், முகவரிப் பட்டையின் இடப்பக்கம் ஆண்டுக்கணக்காக இருந்துவந்த பூட்டுக் குறி எடுக்கப்பட்டு, பழைய வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்திகளைப் போன்ற ஒரு குறி வைக்கப்பட்டது. அதைத் தொட்டால், அந்தத் தளத்துக்கு நாம் கொடுத்துள்ள அனுமதிகளும் இணைப்பின் நிலையும் தெரியும். கூகுள் இதற்குச் சொன்ன காரணம் நியாயமானது. 2021இல் அந்நிறுவனம் நடத்திய ஆய்வில் பங்கேற்றவர்களில் 11 சதவீதம் பேர் மட்டுமே பூட்டின் பொருளைச் சரியாக அறிந்திருந்தார்கள். மற்றவர்களில் பலர், பூட்டு இருந்தால் அந்தத் தளத்தை நம்பலாம் என்று எண்ணியிருந்தார்கள். என் வகுப்பில் இருப்பவர்களும் அப்படித்தான் எண்ணினார்கள். உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் கற்பித்தேன்.

பூட்டுக் குறி உணர்த்தியது ஒன்றே ஒன்றுதான்: நம் கருவிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே செல்லும் தகவலை வழியில் இருப்பவர் எவரும் படிக்க முடியாது. அந்தத் தளத்தை நடத்துபவர் நேர்மையானவரா, திருடரா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. முன்பு இந்தப் பாதுகாப்புக்காகத் தளம் பெற வேண்டிய மின்னணுச் சான்றிதழைப் பெரும்பாலும் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு எல்லோருக்கும் இலவசமாகவும் தானியங்கி முறையிலும் வழங்கத் தொடங்கிய பின், சிறு தளங்களுக்கெல்லாம் பாதுகாப்பு கிடைத்தது. அது பெரும் நன்மை. அதே வழியில் வங்கியைப் போல வேடமிடும் மோசடித் தளங்களுக்கும் பூட்டு கிடைத்துவிட்டது. ஆக, "பூட்டைப் பார்த்துப் பணம் கட்டுங்கள்" என்ற அறிவுரை, குறி மறைவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பொருள் இழந்துவிட்டது.

இப்படி நேர்ந்தது முதல் முறையும் அன்று. நான் பணியில் இருந்த காலத்தில், முகவரிப் பட்டை பச்சையாக மாறி அதில் வங்கியின் பெயர் தெரிகிறதா என்று பார்க்கும்படி வாடிக்கையாளர்களுக்குத் துண்டறிக்கை கொடுத்தோம். நிறுவனத்தின் பதிவு ஆவணங்களைச் சரிபார்த்து வழங்கப்படும் சான்றிதழுக்கு உரிய அடையாளம் அது. அந்தப் பெயர் காணாமல் போனாலும் பயன்படுத்துபவர்கள் கவனிப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியதால், 2019இல் குரோமின் 77ஆம் பதிப்பும், பயர்பாக்ஸ் என்னும் மற்றோர் உலாவியின் 70ஆம் பதிப்பும் அதை முகவரிப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டன. ஆனால் கொடுத்த துண்டறிக்கையைத் திரும்பப் பெற்றவர் எவரும் இல்லை. ஒரு வங்கிக் கிளையின் சுவரில் அந்தப் பழைய அறிவுரை இன்னும் தொங்குவதைச் சில மாதங்களுக்கு முன்புகூடக் கண்டேன்.

உலாவிகள் மாறுவதை நான் குறை கூறவில்லை. குரோம் 2021 முதல் நான்கு வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பு என்ற ஒழுங்குக்கு வந்தது. பயர்பாக்ஸ் அதற்கு ஓராண்டு முன்பே வந்துவிட்டது. இவற்றால் நமக்குக் கிடைத்துள்ள பாதுகாப்பு கொஞ்சநஞ்சமன்று. மறையாக்கம் (வழியில் எவரும் படிக்க முடியாதபடி தகவலை மாற்றி அனுப்பும் முறை) இல்லாத தளங்களுக்கெல்லாம் குரோமில் "பாதுகாப்பற்றது" என்ற எச்சரிக்கை 2018 ஜூலையில் வந்தது. நாம் சேமித்த கடவுச்சொல் வேறெங்கோ கசிந்திருந்தால் எச்சரிக்கும் வசதி குரோமில் 2019 இறுதியில் வந்தது. இணையப் பக்கத்தை வெளியே எந்த வழங்கிக்கும் (நிறுவனங்களின் தொலைதூரக் கணினிக்கும்) அனுப்பாமல் நம் கணினிக்குள்ளேயே மொழிபெயர்க்கும் வசதியைப் பயர்பாக்ஸ் 2023இல் கொண்டுவந்தது. இவற்றில் ஒன்றைக்கூட என் வகுப்புக்கு வருபவர்கள் அறிந்திருக்கவில்லை. தாமாகவே இறங்கும் இற்றைப்படுத்தல் (புதிய பதிப்பு), உலாவியை மூடித் திறந்தால்தான் நடைமுறைக்கு வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. கணினியை நாள்கணக்கில் அணைக்காமல் உறங்க வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் பழைய பதிப்பே ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் சிலரிடம் விண்டோஸ் 7 உள்ள பழைய மடிக்கணினிகள் இருக்கின்றன. 2023 பிப்ரவரியில் வந்த 110ஆம் பதிப்பு முதல் குரோம் அவற்றில் இயங்குவதில்லை என்பதால், அவர்களுக்குப் புதிய பாதுகாப்பு எதுவும் வந்து சேராது.

இந்த அறியாமையை மோசடிக்காரர்கள் நன்கு அறிந்திருக்கிறார்கள். "உங்கள் உலாவி பழையதாகிவிட்டது, உடனே புதுப்பிக்கவும்" என்று ஏதோ ஒரு தளத்தின் நடுவே பெட்டி ஒன்றைக் காட்டி, அதைத் தொடுபவரின் கணினியில் தீய நிரலை இறக்குவது உலகெங்கும் நடக்கும் பழைய தந்திரம். நாம் பார்க்கும் எந்தப் பக்கமும், வாட்ஸ்அப்பில் வரும் எந்தக் கோப்பும் உலாவியைப் புதுப்பிக்க வேண்டிய தேவையே இல்லை. கணினியில் உலாவியின் பட்டியலுக்குள் "உதவி" என்ற பகுதியில், உலாவியைப் பற்றிய தகவல் உள்ள பக்கத்தைத் திறந்தால் போதும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பிளே ஸ்டோருக்குப் போனால் போதும். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகாது. ஆனால் யாராவது தமிழில் சொல்ல வேண்டும்.

இப்போது கற்பிக்க வேண்டிய அடையாளம் வேறு. நம் நாட்டு வங்கிகள் 2025 அக்டோபர் 31ஆம் தேதிக்குள் தங்கள் தளங்களை "டாட் பேங்க் டாட் இன்" என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. வங்கிகள் தவிர வேறு எவருக்கும் அந்த முகவரி கிடைக்காது என்பதால், பூட்டையும் பச்சைப் பட்டையையும்விட இது பன்மடங்கு உறுதியான அடையாளம். ஆயினும் முகவரியை எப்படிப் படிப்பது என்று தெரியாவிட்டால் இதுவும் பயன்படாது. தொடக்கத்தில் "https://" இருந்தால் அதை விட்டுவிட்டு, அதன் பின் முதலில் வரும் சாய்கோட்டுக்கு முன்னால், கடைசியாக நிற்பது "டாட் பேங்க் டாட் இன்" ஆக இருக்க வேண்டும். அதன் பிறகும் ஒரு புள்ளி வைத்து வேறு பெயர் தொடர்ந்தால், தொடக்கத்தில் எந்த வங்கியின் பெயர் இருந்தாலும் அது அந்த வங்கியின் தளம் அன்று. என் வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டி, நான்கு சனிக்கிழமைகள் திரும்பத் திரும்பப் படிக்கச் செய்த பிறகுதான் எழுபது வயதைக் கடந்தவர்களுக்கும் பிடிபட்டது. பிடிபட்ட பின் அவர்கள் தவறவே இல்லை.

எனவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. புதிய கைப்பேசிகளின் விலையையும் படக்கருவியின் தரத்தையும் பேசும் பக்கங்கள் தங்கள் இதழில் ஏற்கெனவே உள்ளன. அவற்றோடு, மாதம் ஒரு முறையேனும், உலாவியில் என்ன மாறியது, எந்தக் குறி போனது, எது புதிதாக வந்தது, அதனால் நாம் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்ய வேண்டாம் என்பதைத் தேதியும் பதிப்பு எண்ணும் இட்டு, எளிய தமிழில், கைப்பேசித் திரையின் படத்துடன் கால் பக்க அளவில் வெளியிட வேண்டும். பொருள் இழந்த பழைய அறிவுரைகளையும் அந்த இடத்தில் பெயர் சொல்லி நீக்க வேண்டும். வங்கிகளும் தாங்கள் முன்பு கொடுத்த துண்டறிக்கைகளுக்குத் தமிழில் திருத்தம் வெளியிட வேண்டும். தவறான அறிவுரையை நம்பி ஒருவர் பணத்தை இழந்தால், அந்த இழப்பில் அறிவுரை சொன்னவருக்கும் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த அம்மையார் அன்று என் எதிரிலேயே முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுப் பணம் கட்டினார். தாங்கள் இடம் ஒதுக்கினால், முதல் ஆறு மாதங்களுக்கான குறிப்புகளை எழுதி, என் வகுப்பில் உள்ளவர்களிடம் படித்துக் காட்டி, அவர்களுக்குப் புரிந்த பின் அனுப்பிவைக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
தஞ்சாவூர்.