அம்மாவைத் தேற்றியெடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்பான உறவுகளே,

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான கதிர்ச்சிகிச்சை முடிந்து, வயிற்றுக் குழப்பமும் அடங்கி, அம்மா ஒட்டுசுட்டான் வீட்டில் மீன்குழம்பும் சோறும் சாப்பிடத் தொடங்கிவிட்டார்.

முதல் நன்றி தெல்லிப்பழை புற்றுநோய் விடுதித் தாதியருக்கு. மூன்றாம் கிழமை வயிற்றோட்டம் தாங்காமல், "காணும் பிள்ளை, வீட்ட போவம்" என்று அம்மா அழுதார். ஒரு தாதி கட்டில் ஓரத்தில் இருந்து, மருந்துக் கடதாசிப் பையின் பின்புறத்தில் குடலைக் கீறிக் காட்டினார். விரல் விரலாகச் சடைமுளைகள், இடையிடையே குழிகள். முளைகளைப் போர்த்தியிருக்கும் கலங்கள் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உதிர்ந்துவிடும். புதியவை குழியின் அடியிலுள்ள மூலக்கலங்களிலிருந்து பிறந்து மேலேறும். கதிர் அந்த மூலக்கலங்களையும் தாக்குவதால், பழையது உதிரும், ஈடுகட்டப் புதியது போதாது. அதனால்தான் அந்தப் பாடு.

ஆனால் ஒரு குழியில் ஓரிரு மூலக்கலங்கள் தப்பினாலே போதும், அந்தக் குழி திரும்ப உருவாகிவிடுமாம். எல்லாமே அழிந்தாலும், வேறு வேலைக்கென்று மேலே புறப்பட்ட இளங்கலங்கள் திரும்பி வந்து மூலக்கலங்களாக மாறுமாம். அம்மா அந்தப் படத்தை வாங்கித் தலையணைக்குக் கீழ் வைத்துக்கொண்டார். பிறகு வீட்டுக் கதையை எடுக்கவேயில்லை.

குடல் தன் வேலையைச் செய்து முடிக்கும்வரை அம்மாவை வாடவிடாமல் பார்த்தது நீங்கள்தான். மல்லாகத்தில் அறை தந்த மாமி, வயிற்றோட்டத்தில் உடல்நீர் வற்றாமலிருக்கக் கொடுக்கும் ஜீவனித் தூளைக் கரைத்துக் கரண்டி கரண்டியாகப் பருக்கினீர்கள். பாலைச் செரிக்கும் நொதியம் சடைமுளைகளில்தான் இருக்கிறது என்று தாதி சொன்ன அன்றே, பால்தேத்தண்ணியை நிறுத்தி, தவிட்டரிசியையும் விட்டு, வெள்ளைப் பச்சையரிசிக் கஞ்சிக்கு மாறினீர்கள். பெற்ற பிள்ளை நான்கூட அவ்வளவு பொறுமையாக இருந்திருப்பேனோ தெரியாது. ஓட்டோ அண்ணை, வழியில் எத்தனை இடத்தில் நிறுத்தச் சொன்னாலும் முகம் சுளிக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா எங்கள் மாடுகளைப் பார்த்தார்.

அப்புறம், 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து அந்த மருத்துவமனைக்காக நிதி சேர்த்தவர்களே, உங்களை நாங்கள் கண்டதில்லை. அம்மா உங்களுக்காகவும் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் அர்ச்சனை செய்தார்.

ஜீவனிப் பைக்கற்றுகள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. சிகிச்சைக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவோடும் கதைத்துவிட்டுப் போங்கள்.

நன்றியுடன்,
ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு மகள்