எங்கள் இனிஷியல் பிழையல்ல: வருங்கால வைப்பு நிதி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மத்திய வருங்கால வைப்பு நிதி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். 'பெயர் பொருந்தவில்லை' என்ற ஒற்றை வரியோடு பி.எஃப். க்ளெய்ம்கள் திரும்பி வருவது தங்களுக்குத் தெரியாததல்ல. அந்த வரியில் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் திரும்பத் திரும்பச் சிக்குவதற்கான காரணத்தைச் சொல்லவே இந்த மடல்.

எங்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து, பிறகு சொந்தப் பெயர், அவ்வளவுதான். செல்வத்தின் மகன் முருகன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஆதாரில் அவர் 'முருகன் எஸ்'. வங்கிப் புத்தகத்தில் 'எஸ்.முருகன்'. பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் கட்டாயம், அதில் இனிஷியல் மட்டும் எழுதவும் முடியாது என்பதால் அங்கே 'முருகன் செல்வம்'. முதல் கம்பெனியில் யுஏஎன் (பி.எஃப். உறுப்பினருக்கான பொது எண்) எடுத்துக் கொடுத்தவர் தட்டியது 'எஸ் முருகன்'. பிறந்த தேதி ஒன்று, தந்தை பெயர் ஒன்று, ஆள் ஒருவரே. கணினிக்கு மட்டும் நான்கு பேர்.

யுஏஎன் பெயரை ஆதார்படி திருத்தினால் பான் இணைய மறுக்கிறது. பானுக்கு ஏற்றபடி ஆதாரைத் திருத்தலாம் என்றால், ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். திருமணத்துக்குப் பிறகு அப்பா இனிஷியலை விட்டுக் கணவர் இனிஷியலுக்கு மாறிய பெண்ணுக்கு அதில் ஒன்று ஏற்கெனவே போயிருக்கும். பான் இணையாமல் விட்டாலும் நஷ்டம்தான். ஐந்து ஆண்டுச் சேவைக்கு முன் 50,000 ரூபாய்க்கு மேல் எடுப்பவருக்கு 10 விழுக்காடு பிடிக்க வேண்டிய வரி 20 விழுக்காடாகிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஆதார் எண்ணும் பிறந்த தேதியும் தந்தை பெயரும் பொருந்தினால், இனிஷியல் முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும், புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும், விரித்து எழுதப்பட்டிருந்தாலும், அதை ஒரே பெயராக ஏற்றுக்கொள்ளுங்கள்.

இதைச் சின்ன எழுத்துச் சிக்கல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். வேலை மாறும்போது பழைய கணக்கைப் புதிய கணக்குக்கு மாற்றுவதுதான் முறை. புதிய கம்பெனி இன்னொரு யுஏஎன் எடுத்துவிட்டு, இரண்டிலும் பெயர் வேறுவேறாக இருந்தால் அந்த மாற்றம் நின்றுபோகிறது. இரண்டு மூன்று முறை போராடிப் பார்த்தவர், 'மாத்தவே முடியல, எடுத்துடலாம்' என்று மொத்தப் பணத்தையும் எடுக்கும் படிவம் 19-க்குப் போகிறார். அவர் அங்கே எதை இழக்கிறார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 25,000 ரூபாய். தொழிலாளியின் 12 விழுக்காடு 3,000. நிறுவனத்தின் 3,000-இல் 1,250 ஓய்வூதியத்துக்குப் போக மீதி 1,750. ஆக மாதம் 4,750 ரூபாய். சம்பளம் உயரவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 8.25 விழுக்காடு வட்டியில் 30 ஆண்டுகளில் அது ஏறத்தாழ 70 லட்சம். அதில் முதல் ஐந்தாண்டுச் சேமிப்பின் பங்கு மட்டும் சுமார் 25 லட்சம். ஐந்தாண்டு முடிவில் எடுத்துவிட்டால் அன்று கைக்கு வருவதோ மூன்றரை லட்சம்கூட இல்லை. கூடவே படிவம் 10சி போட்டு ஓய்வூதியத் தொகையையும் எடுத்துவிட்டால், ஓய்வூதியம் பெறத் தேவையான பத்தாண்டுச் சேவைக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. யாருடைய கையையும் எதிர்பார்க்காத முதுமைக்காகச் சேர்த்த பணம், ஓர் எழுத்து முன்னும் பின்னுமாக இருந்ததால் பாதி வழியில் கரைகிறது.

1952-ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் 72(7)-ஆம் பத்தியைத் தங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. எல்லா வகையிலும் முழுமையான க்ளெய்மை 20 நாளில் தீர்க்க வேண்டும். தக்க காரணமின்றித் தாமதித்தால் 12 விழுக்காடு தண்ட வட்டியை ஆணையரின் சம்பளத்திலிருந்தே பிடிக்க அந்தப் பத்தி இடம் தருகிறது. தொழிலாளி பக்கம் நின்று எழுதப்பட்ட விதி அது. 'முழுமையான' என்ற சொல்லில்தான் எங்கள் இனிஷியல் மாட்டிக்கொள்கிறது. பெயர் பொருந்தாத க்ளெய்ம் முழுமையற்றது என்றாகிவிட்டால் 20 நாள் கணக்கே ஓடுவதில்லை. பெயரைச் சரிசெய்து மறுபடி போட்டால் 'வெளியேறிய தேதி இல்லை' என்று திரும்புகிறது. அதையும் சரிசெய்தால் தந்தை பெயர். மூன்று குறையையும் முதல் நாளே ஒரே தாளில் சொல்வதற்கு எந்த விதி தடை?

2025 ஜனவரியில் பெரும்பாலான திருத்தங்களை உறுப்பினரே செய்துகொள்ள வழி செய்தீர்கள். நன்றியோடு ஏற்கிறோம். ஆனால் அது 2017 அக்டோபர் 1 முதல் ஆதார்வழி யுஏஎன் பெற்றவர்களுக்கு. அதற்கு முன் பெற்றவர்களுக்கு நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதிக ஆண்டுகள் உழைத்து அதிகம் சேர்த்தவர்கள் அவர்கள்தானே? திருப்பூரில் மூடிப்போன பனியன் கம்பெனியின் முதலாளியை அவர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்?

சொல்லத் தொடங்கினால் இன்னும் இருக்கிறது. 2014-இல் நிர்ணயித்த 1,000 ரூபாய் குறைந்தபட்ச ஓய்வூதியம் பத்தாண்டு கடந்தும் அசையவில்லை. மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்டங்களில் நடக்கும் குறைதீர் முகாமின் பெயர்கூட இந்தியில் 'நிதி ஆப்கே நிகட்'. 'நிதி உங்கள் அருகில்' என்று பொருள்படும் அந்தப் பெயரைப் படித்துப் புரிந்துகொள்ளவே எங்களுக்கு இன்னொருவர் தேவைப்படுகிறார். அவற்றுக்குத் தனி மடல்தான் எழுத வேண்டும். இங்கே இனிஷியலோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அதே முகாமிலேயே இதைத் தொடங்கலாம். ஆதார், பான், பள்ளிச் சான்றிதழ் மூன்றையும் நேரில் பார்த்து, இனிஷியல் வேறுபாட்டை அன்றே தீர்த்துவைக்கும் அதிகாரத்தோடு ஓர் அலுவலரை அமர்த்துங்கள். மூடிய நிறுவனங்களின் உறுப்பினர்களுக்கு அந்தச் சரிபார்ப்பே போதுமானதாகட்டும். வருமான வரித் துறையோடும் ஆதார் ஆணையத்தோடும் பேசி, இனிஷியலை விரித்தாலும் சுருக்கினாலும் ஒரே பெயர்தான் என்று ஒரு சுற்றறிக்கை வெளியிடுங்கள்.

தங்கள் அலுவலகங்களில் பணிபுரியும் தமிழர்களின் பெயர்களிலும் இனிஷியல் உண்டு. அவர்களைக் கேட்டாலே இந்த மடலில் சொன்னது விளங்கும். கனிவோடு பரிசீலித்து விரைவில் ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டு வருங்கால வைப்பு நிதி உறுப்பினர்கள் சார்பில்