சாப்பாடா விளையாட்டான்னு பிரிச்சுக் கேக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பாலஸ்தீனக் குழந்தைங்களுக்கு நடத்துற சம்மர் கேம்ப் பத்தி நம்ம பத்திரிகைல வந்த கட்டுரைக்கு ஒரு வாசகர் எழுதியிருந்தார், சோத்துக்கே வழியில்லாத இடத்துல பாட்டும் பட்டமும் எதுக்கு, அந்தக் காசுக்கு மாவு மூட்டை வாங்கிக் குடுக்கலாமேன்னு. அவர் மேல எனக்குக் கோவம் இல்லீங்க, வெளியிலேர்ந்து பாக்குற யாருக்கும் அப்படித்தான் தோணும், எனக்கும் 2005 வரைக்கும் அப்படித்தான் தோணிச்சு. அதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போனா பொறுத்துக்குங்க.

நான் நாகப்பட்டினம் பக்கம் டீச்சரா இருந்தவ. சுனாமிக்கு அப்புறம் தற்காலிகக் குடியிருப்புல சாயங்கால நேரம் பிள்ளைங்களப் பாத்துக்குற வேலைக்குப் போனேன். அதுங்க ஒரே ஒரு விளையாட்டுதான் விளையாடும், ஒருத்தன் "அலை வருது"ன்னு கத்துவான், எல்லாம் அலறியடிச்சு ஓடும், ஒரு பொண்ணு மட்டும் ஓடாம மண்ணுல படுத்துக்கும், அவ செத்துட்டாளாம். தினமும் அதே பொண்ணு. எனக்கு வயித்தைக் கலக்கும், அதட்டி நிறுத்திடுவேன். அங்க வந்த மனநல டாக்டரம்மா ஒருத்தங்கதான் சொன்னாங்க, நிறுத்தாதீங்க டீச்சர், நீங்களும் கூட ஓடுங்க, அந்தப் பொண்ணைத் தூக்கிட்டு ஓடுங்கன்னு. நான் தூக்கிட்டு ஓடினேன், ரெண்டு மூணு வாரத்துல மத்த பிள்ளைங்களே அவளைத் தூக்க ஆரம்பிச்சுடுச்சுங்க. நிவாரண அரிசி அதுக்கு முன்னாடியே அந்தக் கொட்டகைல மூட்டை மூட்டையா இருந்துச்சு, ஆனா அந்தப் பொண்ணு சாப்பிட ஆரம்பிச்சது இதுக்கு அப்புறந்தான்.

காஸால பிள்ளைங்க சவ ஊர்வலம் விளையாடுதுங்க, ஒருத்தனைப் படுக்க வச்சு மத்தவங்க தோள்ல தூக்கிட்டுப் போறது. ஆனா எங்க ஊரையும் அதையும் ஒண்ணா வைக்க முடியாது, எங்களுக்கு அலை ஒரு காலைல வந்துட்டுப் போயிடுச்சு, அங்க அது போகவே இல்லையே. பாலஸ்தீன மனநல மருத்துவர் சமாஹ் ஜபர் பல வருஷமா சொல்றது இதத்தான், 'அதிர்ச்சிக்குப் பிந்தைய' மனநோய்ன்னு வெளியூர் டாக்டருங்க எழுதுறது எங்க ஜனங்களுக்குப் பொருந்தாது, இங்க அந்த 'பிந்தைய' வரவே இல்லைன்னு. தலைக்கு மேல ராவும் பகலும் ட்ரோன் சத்தம், அந்த ரீங்காரத்துக்கு காஸாக்காரங்க 'ஸன்னானா'ன்னு பேரே வச்சிருக்காங்க. கதவு டமால்னு சாத்தினா நடுங்குற பிள்ளை, பத்து வயசுல திரும்பவும் படுக்கைய நனைக்குற பிள்ளை, பேச்சே நின்னுபோன பிள்ளை, இதெல்லாம் மாவு மூட்டையால மட்டும் தீராதுங்க.

ஐ.நா.வோட பாலஸ்தீன அகதிகள் நிவாரண அமைப்பு ஒரு காலத்துல வருஷாவருஷம் காஸால கோடை விளையாட்டு நடத்திச்சு, ரெண்டு லட்சத்துக்கும் மேல பிள்ளைங்க வருவாங்க, நீச்சல், படம் வரையறது, நாடகம், தப்கேங்கிற அவங்க ஊர் நடனம்னு. வேலை கிடைக்காம வீட்டுல கெடந்த இளைஞர்கள்தான் பிள்ளைங்களப் பாத்துக்குவாங்க, அதனால அவங்க வீட்டுலயும் அடுப்பு எரிஞ்சுது, இதையும் அந்த வாசகர் கணக்குல சேத்துக்கணும். 2010ல முகமூடி போட்டவங்க கடற்கரை கேம்பை மே மாசமும் ஜூன் மாசமும் ரெண்டு தடவ எரிச்சாங்க. கேம்ப் நிக்கல. அதே வருஷம் ஜூலைல காஸாவோட தெற்கே ரஃபா ஊர்ப் பக்கம், குண்டு போட்டு உடைஞ்சு கெடந்த விமான நிலையத்துல, 7,203 பிள்ளைங்க ஒரே நேரத்துல பேஸ்கட்பால் தட்டி கின்னஸ்ல ஏறினாங்க.

அடுத்த வருஷம் 2011 ஜூலை 28, காஸாவோட வடக்கே கடற்கரைல அந்தக் கேம்ப் பிள்ளைங்க 12,350 பட்டத்த ஒரே நேரத்துல பறக்க விட்டாங்க. அரபுல பட்டத்துக்கு ஒரு பேரு 'தய்யாரா வரக்', காகித விமானம்னு அர்த்தம், குண்டு போட வர்ற விமானமும் அதே 'தய்யாரா'தான். அந்த வார்த்தையக் கேட்டா ஓடி ஒளியிற குழந்தை அன்னிக்கு அதே வார்த்தையக் கையில நூலாப் புடிச்சுக்கிட்டு வானத்தப் பாத்து நின்னுச்சு. இதப் படிச்ச அன்னிக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வரல, மண்ணுல படுத்த எங்க பொண்ணுதான் ஞாபகத்துக்கு வந்தா.

கேம்ப் நடத்திட்டா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்ல வரல. 2014 ஜூலைல கடற்கரைல விளையாடிக்கிட்டிருந்த ஒரே குடும்பத்துப் பசங்க நாலு பேர இஸ்ரேல் ராணுவம் குண்டு போட்டுக் கொன்னுச்சு. 2023 அக்டோபருக்கு அப்புறம் கேம்ப் நடந்த பள்ளிக்கூடங்கள்லயே ஜனங்க குடும்பம் குடும்பமா தங்கினாங்க, அங்கயும் குண்டு விழுந்துச்சு. போருக்கு முன்னாடியே 5 லட்சத்துக்கு மேல பிள்ளைங்களுக்கு மனநல உதவி வேணும்னு கணக்கு இருந்துச்சு, 2024 பிப்ரவரில யுனிசெஃப் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைக்குமே, அதாவது 10 லட்சத்துக்கு மேல, வேணும்னு சொல்லிடுச்சு. அப்பா அம்மா இல்லாமயோ பிரிஞ்சோ நிக்கிறது மட்டும் 17,000ன்னு அப்ப மதிப்பு போட்டாங்க. அந்த நிலைமைலயும் 2024 ஆகஸ்ட்ல அதே ஐ.நா. அமைப்பு தங்குமிடங்கள்ல பிள்ளைங்களுக்கு மறுபடி வகுப்பு ஆரம்பிச்சப்ப முதல்ல எடுத்தது கணக்கும் இலக்கணமும் இல்ல, பாட்டு, படம், விளையாட்டுதான். ஒரு டீச்சரா சொல்றேன், அது சரியான வரிசை. தினமும் அதே நேரத்துக்கு அதே அக்கா வந்து பேரச் சொல்லிக் கூப்பிடுறதே அந்தப் பிள்ளைக்கு மருந்து, மாவும் வேணும் அதுவும் வேணும், ரெண்டுல ஒண்ணுன்னு கேக்குற உரிமை நமக்குக் கிடையாது.

ஆசிரியர் கிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். ரத்தத்தோட முகம் தெரியுற மாதிரி பிள்ளைங்க போட்டோ போடுறத நிறுத்துங்க, அது யாரோ ஒருத்தரோட பிள்ளை. அதுக்குப் பதிலா 2011ல பட்டம் விட்டவங்கள்ல ஒருத்தரத் தேடிப் புடிச்சுப் பேட்டி எடுத்துப் போடுங்க. அன்னிக்கு பத்து வயசுன்னா 2023 போர் ஆரம்பிச்சப்ப 22 வயசு, கையில சொந்தக் குழந்தை கூட இருந்திருக்கலாம். அந்தப் பட்டம் என்ன கலர்னு மறக்காமக் கேளுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
நாகப்பட்டினம்