பேதுருவுக்கு மும்முடி சூட்டிய விடைத்தாள்: மறைக்கல்விக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மறைமாவட்ட மறைக்கல்விக் குழுவின் அருட்தந்தையர்க்கும் அருட்சகோதரியர்க்கும்,

வணக்கம். வினாடி வினாவின் 17ஆம் கேள்வி பற்றி நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டும் உங்கள் மேசையில் இருப்பதால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லவில்லை.

"மும்முடியை முதலில் அணிந்த திருத்தந்தை யார்?" மும்முடி என்பது திருத்தந்தை, அதாவது போப்பாண்டவர், சூடிவந்த மூன்று வளைய முடி. என் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுதிய விடை: "முதலில் ஒரு வளையம்தான் இருந்தது. மூன்று வந்தது 14ஆம் நூற்றாண்டில்." பக்கத்தில் பென்சிலால் மூன்று வளையங்களோடு ஒரு குட்டி முடியும் வரைந்திருந்தாள். சிவப்பு மை அதையும் சேர்த்து அடித்து, ஓரத்தில் "புனித பேதுரு" என்று, இயேசுவின் சீடரும் முதல் திருத்தந்தையுமானவர் பெயரை எழுதித் திருத்தியிருக்கிறது. இரண்டு மதிப்பெண்ணில் பரிசு போனது. "டீச்சர், நீங்கள் தப்பாகச் சொல்லிக்கொடுத்தீர்களா?" என்று கேட்டாள். விடைக்குறிப்பைத் திருத்துங்கள் என்று கேட்பது அந்தக் கேள்விக்காகத்தான்.

உங்கள் கையேட்டின் அட்டையில் இருப்பது உரோமைப் பேராலயத்தின் வெண்கலப் பேதுரு. ஜூன் 29 பெருவிழாவுக்கு அந்தச் சிலைக்கு மேலாடை போர்த்தி, மும்முடி சாத்துவார்கள். நம் ஊரில் மாதா சொரூபத்துக்குப் புடவை சாத்துகிறோமே, அதுபோல. அந்தப் படத்தை வைத்து வரலாறு எழுதினால், நாசரேத்து மரியா காஞ்சிப் பட்டு உடுத்தினார் என்றும் எழுதவேண்டிவரும்.

1295இல் எடுத்த திருத்தந்தையின் கருவூலக் கணக்கில் முடிக்கு ஒரே வளையம். எட்டாம் போனிபாஸ் 1303இல் இறப்பதற்குள் இரண்டாவது சேர்ந்தது. 1315–16 வாக்கில் எடுத்த கணக்கில் மூன்று. மூன்றாவதைச் சேர்த்தவர் பதினோராம் பெனடிக்டா ஐந்தாம் கிளமெண்டா என்று அறிஞர்கள் வாதாடலாம். பேதுருவை யாரும் அந்த வாதத்துக்குள் இழுப்பதில்லை. 604இல் இறந்த பெரிய கிரகோரியாருக்கு ஓவியர்கள் மும்முடி வைத்தது, தங்கள் காலத்துத் திருத்தந்தையரை அப்படிப் பார்த்துப் பழகியதால்.

கேட்பதற்கு நல்ல கேள்விகளா இல்லை? பிரெஞ்சுக்காரர்கள் உரோமையைச் சூறையாடிய பின், 1800இல் வெனிஸில் ஏழாம் பயஸுக்குச் சூட்டியது காகிதக்கூழ் முடி. பிள்ளைகள் அதை மறக்கவே மாட்டார்கள். 1963இல் முடிசூடிய ஆறாம் பவுல், அடுத்த ஆண்டே, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடக்கும்போது, அதைக் கழற்றிப் பீடத்தில் வைத்தார். அவருக்குப் பின் யாரும் சூடவில்லை. ஒரு திருத்தந்தைக்கு முடியையே இறக்கிவைக்க மனம் வந்திருக்கிறது; இங்கே ஒரு விடைக்குறிப்பை இறக்கிவைக்க இத்தனை தயக்கம்.

மன்னியுங்கள், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். உங்கள் குழுவின் அடுத்த மாத மடலில் 17ஆம் விடையைத் திருத்தி வெளியிடுங்கள். அவளுக்குரிய இரண்டு மதிப்பெண்ணையும் தயவுசெய்து கொடுங்கள். விடைத்தாளின் நகலை மறுபடியும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பங்கின் மறைக்கல்வி ஆசிரியை